செய்தவன் பெயர் எங்கே?

கோச்சடையில் பேருந்துக்குக் காத்து நின்றோம். மதுரை மாநகரின் மேற்கு ஓரம், வையையின் தென்கரை, மேலக்கால் சாலை. வயலும் வாழையும் சூழ்ந்திருந்த சிற்றூர் இன்று மாநகராட்சியின் ஒரு பகுதி. ஞாயிற்றுக்கிழமைக் காலை. நம்முடன் நான்கு இளைஞர்கள். ஒருவர் தையற்கூடத்தில் பணிபுரிபவர். ஒருவர் கட்டடக் கொத்தனாரின் மகன். இருவர் கல்லூரி மாணவர். மதுரையில் உள்ள அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் இரண்டு ஞாயிறுகளில் கண்டு வருவதென்றும், கண்டதை ஒளிக்காமல் எழுதுவதென்றும் திட்டம்.

"அருங்காட்சியகம் எதுவும் இல்லாத கோச்சடையிலிருந்து ஏன் புறப்படவேண்டும்?" என்று கேட்டார் கொத்தனாரின் மகன்.

நல்ல கேள்விதான். ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்ட பாண்டியன் கோச்சடையன் இரணதீரனை இந்த ஊர்ப் பெயர் நமக்கு நினைவூட்டுகிறது. கோ என்றால் அரசன். இது எல்லோரும் அறிந்த பொருள். அதே கோ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. குயவன்! மண்ணைப் பிசைந்து கலம் வனைபவனையும் தமிழன் கோ என்றே அழைத்தான். வேட்கோ என்றும் விளித்தான். முடி சூடியவனுக்கும் கோ. மண் சுமந்தவனுக்கும் கோ. மொழி இருவரையும் ஒரே இருக்கையில் அமர்த்தியது. வரலாறு அப்படி அமர்த்தியதா? காட்சிக்கூடங்கள் அப்படி அமர்த்துகின்றனவா? அதைக் காணத்தான் புறப்பட்டோம்.

கோச்சடையில் அய்யனார் கோயில் இருக்கிறது. மதுரைச் சீமையெங்கும் அய்யனாருக்குப் புரவி எடுப்பது வழக்கம். களிமண்ணைக் குழைத்து, காலும் உடலும் கழுத்தும் தலையுமாகத் தனித்தனியே வனைந்து, பொருத்தி, உலர்த்தி, சூளையிட்டு, ஆளுயரத்திற்கும் மேலான குதிரையை நிமிர்ந்து நிற்கச் செய்பவர் வேளார் என்னும் குயவர். உள்ளே வெற்றிடம், வெளியே மண். சற்றே பிழைத்தாலும் சூளையில் வெடித்துவிடும். அறிவியல் தெரியாமல் அது கைவருமா? குதிரைக்குக் கும்பிடு போடுகிறவர் ஆயிரம் பேர். குதிரையைச் செய்தவரின் பெயரைக் கேட்பவர் எத்தனை பேர்?

இதே கோச்சடையில் இன்னொரு கட்டடமும் உண்டு. ஆலை அதிகாரிகளின் மன்றத்துக்காக இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்தது. இன்று அது தங்கும் விடுதி. பாவாவின் பெயர் உலகெங்கும் கட்டடக்கலை மாணவரின் நாவில் இருக்கிறது. இருக்கட்டும், இருக்கவேண்டியதே. திட்டம் தீட்டியவனுக்குப் பெயர் கொடுப்பது நாகரிகம். அந்த நாகரிகம் நம் வேளாரின் குடிசை வாசல்வரை ஏன் வரவில்லை என்பதே நம் கேள்வி.

பேருந்து வந்தது. ஏறினோம்.

மன்னன் மாளிகையில்

பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கித் திருமலை நாயக்கர் மகாலுக்குச் சென்றோம். 1636-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் மாளிகை. இன்று நாம் காண்பது மிச்சம், முழுமையன்று. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மாளிகையின் பகுதிகளைப் பெயர்த்து எடுத்துச் சென்றார். எஞ்சியதும் சிதைந்து கொண்டிருந்த காலத்தில், சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் அதனைப் பழுதுபார்க்க முற்பட்டார். பின்னர் நீதிமன்றமாகவும் பயன்பட்டது. இன்று தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. உள்ளே கற்சிற்பங்களும் பழம்பொருள்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அரசன் கொலுவிருந்த முற்றத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் நடக்கலாம். இதைச் சிறிய செய்தி என்று கருதவேண்டா. பாரிசு நகரத்தில் இலூவர் மாளிகை மன்னர்களின் உடைமையாக இருந்தது. மக்கள் புரட்சி முடியரசைக் கவிழ்த்து ஓராண்டு நிறைந்த நாளில், 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-இல், அது பொதுமக்களின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அரண்மனைக் கதவு திறப்பதே ஓர் ஆட்சி மாற்றம். அந்த வகையில் மகாலின் கதவு திறந்திருப்பதை வரவேற்கிறோம்.

கதவு திறந்தது, கதை திறந்ததா? பருத்த தூண்களை அண்ணாந்து பார்த்த கொத்தனாரின் மகன், "இந்த மெருகு சுண்ணாம்புப் பூச்சு" என்றார். உண்மை. சுண்ணாம்புச் சாந்து பூசி, கண் மயங்கும்படி மெருகேற்றிய கைவண்ணம். வளைவுகளின் மேலுள்ள சுதை வேலைப்பாடும் அதே சாந்தின் சாதனை. இதன் திட்டத்தை இத்தாலிய நாட்டுக் கலைஞர் ஒருவர் வகுத்தார் என்று சொல்வாரும் உண்டு. அயல்நாட்டான் ஒருவன் வந்திருப்பான் என்று கற்பனை செய்ய மனம் இருக்கிறது. உள்ளூர்க் கொத்தன் ஒருவன் சுண்ணாம்பு அரைத்தான், சாரம் கட்டினான், சரிந்து விழுந்தும் இருப்பான் என்று எண்ணிப் பார்க்க மனமில்லை!

"எங்கள் அப்பா மெருகுப் பூச்சு வேலை அறிந்தவர், ஒரு சதுரத்துக்கு எவ்வளவு நேரம் தேய்க்கவேண்டும் என்று அவரைக் கேட்டால் சொல்வார்" என்றார் அந்த இளைஞர். மாளிகை கட்டிய மன்னனின் ஆட்சி ஆண்டு 1623 முதல் 1659 வரை என்று பாடநூல் சொல்லும். பூச்சுக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல ஒரு கொத்தனார் வேண்டும். இரண்டும் வரலாறுதான். ஒன்று மட்டும் பலகை ஏறுகிறது.

எண்ணிப் பார்த்தவன்

அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம். நாயக்கர் ஆட்சியின் தளவாய் அரியநாத முதலியார் 1569-ஆம் ஆண்டளவில் எழுப்பியது. மண்டபமே இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. செப்புத் திருமேனிகள், சிற்பங்கள், படங்கள் அதனுள் வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆயிரங்கால் என்பது பெயர். தூண்கள் 985. யாரோ ஒருவன் எண்ணிப் பார்த்திருக்கிறான்! ஆயிரம் என்றதும் கைகூப்பித் திரும்பிச் செல்லாமல், ஒன்று இரண்டு என்று விரல்விட்டு எண்ணிய அந்த மனிதனை நாம் போற்றுகிறோம். அருங்காட்சியகம் கற்பிக்கவேண்டிய முதற்பாடம் அதுவே. கருவறைக்குள் சிலையின் முன் நிற்கும்போது கேள்விக்கு இடமில்லை. அதே சிலை காட்சிக்கூடத்தில் நிற்கும்போது, எந்த உலோகம், எந்த நூற்றாண்டு, மெழுகில் வடித்து மண்ணில் பொதிந்து உருக்கி வார்த்தது எப்படி என்றெல்லாம் கேட்கலாம். வணங்குகிறவர் வணங்கட்டும், வினவுகிறவருக்கும் ஓரிடம் வேண்டுமல்லவா? அந்த இடம்தான் அருங்காட்சியகம்.

ஆனால் இந்த மண்டபத்தைக் கலைக்கூடமாகக் காண்கிற உரிமையே எல்லோருக்கும் எளிதில் கிடைத்ததன்று. தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் இக்கோயில் வாயிலைத் தாண்டக்கூடாது என்ற கட்டு நெடுங்காலம் இருந்தது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் உள்ளே நுழைந்த நாளில்தான் அது உடைந்தது. கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். அதற்கு முன், 985 தூண்களில் ஒன்றையேனும் செதுக்கியவனின் பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க முடிந்ததா? கல்லைக் குடைந்தெடுத்துச் சுமந்து வந்தவனின் வழித்தோன்றல் வெளியே, கல் உள்ளே! கலை வரலாறு எழுதுகிறவர் தூணின் யாளியைப் பக்கம் பக்கமாக வருணிக்கலாம். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்றிருந்த சட்டத்தை எழுதாத கலை வரலாறு அரைகுறை வரலாறே.

கோயிலுக்குக் கிழக்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் காலத்தது. நாயக்க மன்னர்களின் உருவங்கள் தூண்களில் நிற்கின்றன. பல தலைமுறைகளாக அந்தத் தூண்களின் நடுவே தையற்காரர் மிதித்த தையற்பொறிகளின் ஓசை கேட்டது. புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் வளையற் கடையும் இருந்தன. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பாடநூலும் பாவாடையும் வாங்கியது அங்கேதான். சிற்பங்களைக் காக்கவேண்டி அக்கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பம் காக்கப்படவேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மண்டபத்தைப் பழைய நிலைக்கு மீட்பது என்று சொல்லும்போது, எந்தப் பழைய நிலை? அரசன் வசந்தவிழா கண்ட சில நாள்களா, தையற்காரன் தலைமுறை தலைமுறையாய் உழைத்த நாள்களா? நம்முடன் வந்த தையற்கூடத் தோழர் ஒரு தூணருகே நெடுநேரம் நின்றார். "என் மாமா இங்கேதான் தொழில் கற்றார்" என்றார். அந்த ஒரு வரியை எழுதிய பலகை ஒன்று அந்தத் தூணருகே இருந்தால் மன்னன் சிலைக்கு என்ன குறைந்துவிடும்?

ஒரு துணியின் முன்

நண்பகல் கடந்து வையையைத் தாண்டித் தமுக்கத்துக்கு வந்தோம். இராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நாயக்கர் கால மாளிகையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-இல் நேரு அதனைத் திறந்துவைத்தார். அதே வளாகத்தில், 1981-இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அமைந்த அரசு அருங்காட்சியகமும் உள்ளது.

காந்தி அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடிச் சென்று நிற்பது ஒரு துணியின் முன். 1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், மதவெறியனின் குண்டு பாய்ந்தபோது காந்தி உடுத்தியிருந்த துணி. குருதிக் கறையோடு அங்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாம் நின்ற சிறிது நேரத்தில் பலர் வந்தனர். சிலர் கைகூப்பினர். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர்.

மனம் கலங்காமல் அதைக் காண இயலாது, மறுக்கவில்லை. ஆயினும் கேட்கிறோம்: அந்தத் துணி புனிதச் சின்னமா, குற்றத்தின் சான்றா? சின்னம் என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியேறலாம். நம் கடமை அத்தோடு முடிந்தது. சான்று என்றால், கொன்றது எந்த வெறி, அதை வளர்த்தவர் யார், அந்த வெறி இன்று அடங்கிவிட்டதா என்று கேட்டாகவேண்டும். வழிபாட்டைவிடக் கேள்வியே கொல்லப்பட்டவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

இன்னொன்று. மதுரைக்கும் துணிக்கும் காந்தியின் வாழ்வில் நேரடித் தொடர்பு உண்டு. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் முழு ஆடையைக் களைந்து முழத்துண்டுக்கு மாறினார். உழவனுக்கும் உழைப்பாளிக்கும் இடையில் சுற்ற ஒரு துண்டுதான் இருக்கிறது என்பதைக் கண்டு எடுத்த முடிவு அது. அப்படியானால் துணியின் கதையில் தலைவன் ஒருவன்தானா? அரை ஆடையோடு வயலில் நின்ற பெயர் தெரியாத உழவன், தறியில் அமர்ந்த நெசவாளி, இராட்டை சுழற்றிய பெண் ஆகியோரும் அதில் உண்டல்லவா? மதுரை நெசவு நகரம். சுங்குடிச் சேலைக்கு விரல்நுனியால் ஆயிரம் முடிச்சுப் போடும் பெண்கள் வாழும் நகரம். 1892 முதல் பருத்தி நூற்ற ஆர்வி ஆலையின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உண்டு, சங்கொலிக்கு உறங்கிய பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்களின் நகரம். அந்த நூலையும் முடிச்சையும் சங்கையும் நாம் சுற்றிய கூடங்களில் கண்டோமில்லை.

அன்று நாம் நுழைந்த கூடங்களில் ஒன்று. பெயர் வேண்டா. அங்கே ஒரு மண் தாழியின் அடியில் இருந்த அட்டையில் "பானை" என்று எழுதியிருந்தது. அவ்வளவே! பானை என்பதைப் பானையைப் பார்த்தவுடன் ஐந்து வயதுப் பிள்ளையும் அறியும். எந்த ஊர் மண், எவ்வளவு பழமை, தானியம் வைத்ததா பிணம் வைத்ததா, சக்கரத்தில் வனைந்ததா கையால் வனைந்ததா என்று ஒரு சொல்லில்லை. ஊமைப் பொருளுக்கு ஊமைப் பலகை! பள்ளிக்கூடம் செல்ல முடியாதவனுக்கும் பள்ளிக்கூடமாக இருக்கவேண்டிய இடம் பண்டசாலையாக இருந்தால், அது யார் குற்றம்? பொருளின் குற்றமன்று.

கீழடியில் கண்ட பெயர்

அடுத்த ஞாயிறு கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கல்தொலைவு கிலோமீட்டர்க் கணக்கில், சிவகங்கை மாவட்டம். 1970-களில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களைக் கண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருட்டிணன் அகழத் தொடங்கினார். 2017-இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்கிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் கணித்ததைத் தமிழக அரசின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 5-இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இங்கு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்.

1876-இல் ஆதிச்சநல்லூரில் ஜாகோர் என்னும் செர்மானியர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின. கீழடிப் பொருள்களோ தோண்டிய மண்ணின் அருகிலேயே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. தோண்டிய உழைப்பாளி தன் பிள்ளையைக் கூட்டிவந்து, "இதை நான் எடுத்தேன்" என்று காட்டலாம். இது பெருமாற்றம்.

அதைவிடப் பெருமாற்றம் கூடங்களை வகுத்த முறை. மன்னர் வரிசைப்படி இங்கு எதுவும் அடுக்கப்படவில்லை. வேளாண்மை, நீர் மேலாண்மை, மட்கலத் தொழில், ஆடையும் அணியும், கடல் வணிகம், வாழ்வியல் என்று தொழில்வழியே வரலாறு செல்கிறது. நூற்புக்குப் பயன்பட்ட தக்களி, எலும்பில் செய்த கூர்முனைக் கருவி, உறைகிணறு, செங்கற் கட்டடம், தந்தத்தில் செய்த பகடை, பிள்ளைகள் ஆடிய சில்லு. உழைத்தவன், உடுத்தியவன், விளையாடியவன் ஆகியோரின் உலகம் கண்முன் விரிகிறது. நாம் சென்ற கூடங்களில் குயவனாகிய கோவுக்கு மன்னனாகிய கோவுக்குச் சமமான இருக்கை கொடுத்தது இது ஒன்றே.

இங்கே நாம் நெடுநேரம் நின்றது சில ஓடுகளின் முன். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்ற பெயர்கள்! அரசாணையா? இல்லை. அறச்சாலைக் கல்வெட்டா? இல்லை. வீட்டுப் பானையின் தோளில் யாரோ தம் பெயரைக் கீறிவைத்திருக்கின்றனர். கையெழுத்து ஒன்றுபோல் ஒன்றில்லை; ஆகவே கீறிய கைகள் பல. அழகர்மலைக் குகைத்தளத்திலும் இதே காட்சி. அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன் இருக்கிறான், கொழு வணிகன் இருக்கிறான், மதுரைப் பொற்கொல்லன் இருக்கிறான். உப்பு விற்றவனுக்கும் பெயருண்டு, அப்பெயருக்கு எழுத்துண்டு, அவ்வெழுத்துக்குக் கல்லுண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முன்! பிற்காலத்தில் அவன் வழிவந்தவனிடமிருந்து எழுத்தைப் பறித்தது எது? பிறப்பைக் கொண்டு படிப்பை அளந்த ஏற்பாடன்றி வேறென்ன?

பெருமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. கீழடியில் கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும். பானையில் கீறிய பெயர்கள் சுட்ட பிறகு கீறப்பட்டவை; ஆகவே அவை பானைக்கு உரியவரின் பெயர்களாகலாம், வனைந்தவரின் பெயர்களென்று சொல்ல இயலாது. வழிபாட்டுச் சின்னங்கள் கிடைக்கவில்லை என்பதை வைத்து அங்கே வழிபாடே இல்லை என்று மேடையில் முழங்குகிற நண்பர்களையும் நாம் அறிவோம். மேடு ஏறத்தாழ 110 ஏக்கர். தோண்டியது அதில் சிறு பகுதி. கிடைக்காதது இல்லாததாகிவிடாது. புராணக்காரன் சான்றின்றிப் பேசினால் கேலி செய்கிற நாம், சான்றுக்கு மேல் ஒரு விரற்கடை தாண்டிப் பேசலாமா? அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே மாதத்தில் நடுவண் துறை கேட்டது. அவர் தம் முடிவில் நின்றார். சான்றோடு நிற்பவன் நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அந்த நிமிர்வு நமக்கும் வேண்டுமானால் நாமும் சான்றோடு நிற்கவேண்டும்.

மலைமேல் பெயர், மலையடியில் ரேகை

கீழடியிலிருந்து நகரைக் கடந்து, மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு வந்தோம். கூரையும் சீட்டும் இல்லாத அருங்காட்சியகம் அது. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் பாறையில் புடைத்து நிற்கும் சமணச் சிற்பங்கள். அவற்றின் கீழ் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துகள். அச்சணந்தியின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. பெண்ணொருத்தியின் பெயர் ஆயிரம் ஆண்டு வெயிலைத் தாங்கி நிற்பது நெஞ்சை நிறைக்கிறது.

ஆனால் சொல்லைக் கவனியுங்கள். செய்வித்த! செய்த அன்று. செய்வித்தவரைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. உளியைப் பிடித்துப் பாறையில் தொங்கி, அந்த அமைதி தவழும் முகத்தைச் செதுக்கியவனைக் கல்லும் மறந்துவிட்டது. தன் கையாலேயே அந்த எழுத்துகளையும் பொறித்தவன், தன் பெயரைப் பொறிக்க உரிமையற்றவனாக நின்றான் போலும்!

மலைமேல் இது. மலையடியில்? குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பகுதிக் கள்ளர்மீது 1914-இல் தொடக்கமாகப் பாய்ந்த ஊர்களுள் ஒன்று இதே கீழக்குயில்குடி. பிறந்த குலத்துக்காகவே ஒருவன் குற்றவாளி. விரல்ரேகையைப் பதியவேண்டும், இரவில் காவலர் கண்முன் முடங்கவேண்டும், அடுத்த ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் திரண்டவர்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருத்தி. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

மலைமேல் சமணச் சிற்பத்தைக் காண வருகிறவர், மலையடி மக்களின் இந்த நூற்றாண்டுக் காயத்தை அறியாமலே திரும்புகிறார். ஆயிரம் ஆண்டுப் பழமை என்றால் வரலாறு. நம் பாட்டன் காலத்துக் கொடுமை என்றால் வரலாறு ஆகாதோ? அரசாங்கத்துக்குப் பாட்டாளியின் விரல் ரேகை தேவைப்பட்டது. அந்த விரல்கள் செய்த வேலை தேவைப்படவில்லை.

மீண்டும் கோச்சடை

மாலை மங்கும் நேரத்தில் கோச்சடைக்குத் திரும்பினோம். கணக்குப் பார்த்தோம். மகாலில் மன்னன் பெயர் கண்டோம். மண்டபத்தில் தளவாய் பெயர் கண்டோம். தமுக்கத்தில் தலைவர் பெயர் கண்டோம். மலையில் செய்வித்தவர் பெயர் கண்டோம். கீழடியில் மட்டும் எளியவன் பெயர் கண்டோம். அதுவும் உரிமையாளன் பெயர். செய்தவன் பெயரை எங்கும் கண்டோமில்லை.

சென்றவனின் பெயரை இனி மீட்க இயலாது. எந்த அகழாய்வும் அதைத் தோண்டித் தராது. ஆனால் இருப்பவன்? கோச்சடைக்குத் தெற்கே விளாச்சேரியில் களிமண்ணில் பொம்மை செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புரவி வனையும் வேளார் இருக்கிறார்கள். சுங்குடி முடிச்சுப் போடும் பெண்கள் இருக்கிறார்கள். மெருகுப் பூச்சு அறிந்த கொத்தனார் இருக்கிறார். ஆலைச் சங்கின் நேரத்தை மறக்காத கிழவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் மறைந்த பிறகு, இவர்கள் செய்ததைக் கண்ணாடிக்குள் வைத்துப் "பானை" என்று அட்டை எழுதப் போகிறோமா?

காட்சிக்கூடங்களை நடத்துவோரிடம் நாம் கேட்பது மிகுதியன்று. ஒவ்வொரு பொருளின் அடியிலும், என்ன பொருளால், எந்தக் கருவியால், எந்தத் தொழிலாளர் செய்தது என்று நல்ல தமிழில் நான்கு வரி எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாளேனும், தொழிலாளி வேலை முடித்து வரும் மாலை வேளையில் கதவைத் திறந்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வேளாரையும் தறியாளரையும் கொத்தனாரையும் அழைத்து, பேழைக்குள் இருக்கும் பொருளைப் பற்றி அவர்களைப் பேசச் சொல்லுங்கள். விளக்கம் தருகிறவன் நாற்காலியில் அவனை அமர்த்துங்கள்.

அவர்கள் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நம் படிப்பகங்களில் மேசை இருக்கிறது, சுவர் இருக்கிறது, இளைஞர் இருக்கிறார். கோச்சடையிலிருந்து தொடங்குவது என்று நால்வரும் அன்றே முடிவு செய்தனர். மறுநாள் மாலை, தையற்கூடத் தோழரும் ஒரு கல்லூரி மாணவரும் கையில் ஒரு குறிப்பேட்டோடு புரவி செய்யும் முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றனர். "அய்யா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்களாம்.

முதியவர் சற்றுத் திகைத்து, "குதிரை எத்தனை அடி வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், பெயரை எதற்குத் தம்பி கேட்கிறீர்கள்?" என்றாராம்.

எழுதத்தான் அய்யா. எழுதத்தான்!